காற்றில் இருந்ததும் உள்ளே போனதும்

2016 மே 24, செவ்வாய்

மழை விட்டு, கச்சான் காற்று எழும்பிவிட்டது. காலையில் பஸ் எத்தாளையை நெருங்கும்போது யன்னலால் பார்த்தேன். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, களப்புத் தண்ணீரை எட்டிப் பார்ப்பதுபோல நின்றன. காற்றுக்கு உருவம் இல்லை என்று யார் சொன்னது?

இன்று ஆய்வுகூடத்தில் மருந்து இல்லை. எலிகளைக் குழாயில் இருக்கப் பழக்கினோம். எனக்கு உதவிக்கு நிற்கும் அல்பொன்சா ஒவ்வொன்றாகத் தூக்கி, காதுக்குள் ஏதோ சொல்லி உள்ளே விடுவாள். சிங்களத்தில் சொல்கிறாளா தமிழில் சொல்கிறாளா என்று இதுவரை எனக்குத் தெரியாது. எலிகளுக்கு விளங்குகிறது.

நடுவில் தூண்போல ஓர் உலோகக் குழல். அதைச் சுற்றி ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஓர் எலி, அதன் மூக்கு மட்டும் தூணுக்குள். தூணின் உள்ளே மருந்து பனியாக மிதந்து வரும். ஓர் ஓட்டையில் மட்டும் எலி இல்லை, வடிதாள். அந்தத் தாளில் படிவதை நிறுத்தால் காற்றில் எவ்வளவு மருந்து என்று தெரியும். அதை எலி இழுக்கும் காற்றால் பெருக்கி, இருந்த நேரத்தால் பெருக்கி, எலியின் நிறையால் வகுத்தால் எலிக்குப் போன மருந்து வந்துவிடும். எலி எவ்வளவு காற்று இழுக்கும்? அதற்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. நிறையைக் கொடுத்தால் மூச்சைச் சொல்லும். இத்தனை வருடமாக அந்தச் சூத்திரத்தை நம்பி வந்திருக்கிறேன்.

தொய்வுக்கு, இழுப்பு நோய்க்கு, புது மருந்து. ஆய்வை நடத்தும் டொக்டர் பதியுதீன் இதை விட்டால் வேறு கதை கதைப்பதில்லை.

வீட்டுக்கு வந்தபோது நஜாத் படியில் இருந்து இருமிக்கொண்டிருந்தார். உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறார். மீசையில் உப்பு, வெள்ளையாக. கச்சான் நாட்களில் என் கணவருக்கு வயது கூடிவிடும்.

மே 31, செவ்வாய்

காற்று. காற்று. துவைத்த உடுப்பில்கூட உப்பு மணம்.

ஜூன் 3, வெள்ளி

நஜாத் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பாட்டில் கை வைக்காமல் இருந்தார். என்னவென்று கேட்டேன்.

"இந்த வருஷம் ஒரு நோன்பும் விடுறதில்ல, ஸக்கியா."

போன வருடம் நோன்பின் பின்பாதியை ஆஸ்பத்திரியில் கழித்தவர். ஒட்சிசன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே நோன்பு விட்டதற்கு அழுதவர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு படகேறி வந்து, முகாமில் கிடுகுக் கொட்டிலுக்குள் பச்சைத் தண்ணீரால் நோன்பு திறந்த நாட்களில்கூட ஒன்றும் விடவில்லை என்பார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் தென்னந்தும்பு மில்லில் தூசிக்குள் நின்றார். அப்போதும் விடவில்லை. அந்தத் தூசிதான் இன்னும் நெஞ்சுக்குள் இருக்கிறது.

"தொய்வுப் பம்ப் அடிக்காம உங்களால பகல் முழுக்க இரிக்கேலாதே?"

"அதத்தான் நெய்னார் மௌலவிக்கிட்ட கேட்டன். பம்ப் அடிச்சா நோன்பு முறியுமா எண்டு. ரெண்டு விதமாவும் சொல்றாங்களாம். வயித்துக்கு ஒண்டும் போகாட்டி என்ட அளவில பரவாயில்ல, போகுதா இல்லியா எண்டு படிச்சவங்கதான் சொல்லணும், உன்ட வீட்டிலேயே ஒருத்தி அதத்தானே அளக்கிறா, அவட்ட கேளு எண்டார்."

பிறகு என்னைப் பார்த்தார். பரீட்சை முடிவு கேட்க வந்த பிள்ளைபோல.

"சொல்லு. வயித்துக்குப் போகுதா?"

எனக்குத் தெரியும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கிறது. வாயிலும் தொண்டையிலும் ஒட்டுவது ஒட்டிவிடும், அதை விழுங்கிவிடுவோம். நெஞ்சுக்கு மிச்சம்தான் போகும்.

போகுது என்றால் மாதம் முடியும்வரை பகலில் பம்பைத் தொடமாட்டார். போகவில்லை என்றால் அது பொய்.

"இந்த மாசம் அத எலியில அளக்கப் போறம். அளந்து சொல்றன்" என்றேன்.

"சரி. நீ அளந்து சொன்னா நான் நம்புவன். அதுவரைக்கும் பகல்ல தொட மாட்டன்."

நான் எதைத் தள்ளிப்போட்டேன்?

ஜூன் 7, செவ்வாய்

முதல் நோன்பு. ஸஹர்ச் சாப்பாட்டுக்கு விடியமுன் எழும்பியபோது காற்று அடங்கியிருந்தது. மகள் சிபானா பாதி நித்திரையில் சோற்றைப் பிசைந்தாள். அவர் சோற்றுக்கு முன்னும் பின்னும் பம்ப் அடித்தார், வெளியூர்ப் பயணத்துக்குப் பெட்டி அடுக்குகிறவர்போல.

பகல் எப்படியோ போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ஜூன் 10, வெள்ளி

கனவு. ஆய்வுகூடத்துத் தூண் களப்பின் நடுவில் நிற்கிறது, தென்னை உயரத்துக்கு. அதைச் சுற்றி ஊரே தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாருடைய மூக்கும் ஓட்டைகளில். உப்பளத்து ரஸாக் நானா, சிபானா, பஸ் கொண்டக்டர், உச்சமுனைப் படகுக்காரர்கள். யாரும் பயப்படவில்லை. பனி வரும் என்று பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். ஓர் ஓட்டை வெறுமையாக இருந்தது. அது எனக்காம். போய் நின்றேன். நான் வடிதாள். என்மேல் வெள்ளையாக ஏதோ படிந்துகொண்டேயிருந்தது. குளிராக, சுகமாகக்கூட இருந்தது. சுற்றிப் பார்த்துத் தேடினேன். நஜாத் எந்த ஓட்டையில்?

எழும்பியதும் பக்கத்தில் அவருடைய மூச்சைக் கேட்டேன். உள்ளே போகும்போது ஒரு சீட்டி. வெளியே வரும்போது இன்னொன்று.

ஜூன் 13, திங்கள்

அளந்தோம்.

மருந்துப் பனியில் இருந்து எடுத்ததும் எலியை உறங்கவைத்து, பிறகு எழும்பாமலே முடித்து, மூக்கு, தொண்டை, நெஞ்சு, வயிறு என்று தனித்தனியாகக் கழுவி எடுக்க வேண்டும். அந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. அந்த நேரத்தில் அல்பொன்சா கதைக்கமாட்டாள். முடிந்த பிறகு இரண்டு பேரும் வெளியே போய்த் தென்னைக்குக் கீழ் நிற்போம், கையைக் கழுவிக் கழுவி.

பாதிக்கு மேல் வயிற்றில். மூக்கில் கணிசம். நெஞ்சில் கொஞ்சம்தான். எலி மூக்கால் மட்டும்தான் மூச்சு விடும், ஆகவே மனிதரை விடக் கூடுதலாக வழியில் தங்கிவிடும். அதெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் தாளில் பார்க்கும்போது வேறு.

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அல்பொன்சா எட்டிப் பார்த்தாள். வீட்டுக் கதை அவளுக்குத் தெரியும்.

"ஐயோ அக்கா. உங்கட எலிக்கெல்லாம் நோன்பு முறிஞ்சு போச்சு."

சிரித்துவிட்டேன். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாலையில் நஜாத் நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "முடிவு வந்திச்சா?"

"இன்னும் முடியல்ல."

அவர் தலையாட்டினார். நம்பினார். அதுதான்.

ஜூன் 16, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

அஸர் தொழுகை முடிந்து, பொழுது சாயும் நேரம் ரஸாக் நானா நஜாத்தை ஓட்டோவில் கொண்டுவந்தார். உப்பளத்தில் அவரோடு வேலை செய்கிறவர். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறக்கினார். நஜாத்தின் உதடு நாவற்பழ நிறம். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்குகிறது. சீட்டி இல்லை — சீட்டி இல்லாததுதான் எனக்குப் பயம். சீட்டி அடிக்கவும் காற்று வேண்டுமே.

"ஆஸ்பத்திரிக்கு எண்டன், வீட்ட போ எண்டு கையால காட்டுறார், தங்கச்சி. பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம்தான் எண்டு காட்டுறார். இந்தப் பிடிவாதத்த மன்னார்ல விட்டுட்டு வந்திரிக்கலாமே இந்த மனுஷன்."

பம்பை எடுத்து வாயில் வைத்தேன். உயிருக்கு ஆபத்தெண்டா எல்லாம் ஆகும், உங்களுக்குத் தெரியாதா, அல்லாஹ்வுக்காக வாயத் திறங்க — என்னென்னவோ சொன்னேன். கத்தினேன் என்று சிபானா சொல்கிறாள். பல்லைத் திறந்தார். அமத்தினேன். அவர் இழுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டார். இல்லாத மூச்சைப் பிடித்துக்கொண்டார்! திரும்பவும் அமத்தினேன். எல்லாம் வெளியே வந்தது. மீசையெல்லாம் வெள்ளை. உப்பா மருந்தா என்று பிரிக்க முடியாத வெள்ளை. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபமில்லை. மன்னிப்புக் கேட்பதுபோல.

ஓட்டோவைத் திருப்பச் சொல்லி நான் எழும்பினேன். அப்போதுதான் நோன்பு திறக்கும் பாங்கு.

ரஸாக் நானா தண்ணீரை நாக்கில் விட்டார். பிறகு பம்ப். இப்போது இழுத்தார், கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல, ஆழம் தொடும்வரை. இன்னொன்று. இன்னொன்று. மெல்ல மெல்லச் சீட்டி திரும்பி வந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு அழகான சத்தத்தைக் கேட்டதில்லை.

சுவரில் சாய்ந்தபடி நித்திரையாகிவிட்டார்.

ஒரு அமத்தலுக்கு எவ்வளவு மருந்து என்று பம்பின் பெட்டியில் அச்சடித்திருக்கிறது. பாங்குக்கு முன் அமத்தியதும் அதே அளவு, பின் அமத்தியதும் அதே அளவு.

ஜூன் 17, வெள்ளி

நுரைச்சோலையைத் தாண்டும்போது மின்சாரக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் நின்றிருந்தது. அதே காற்றுத்தான்.

ஜூன் 20, திங்கள்

எங்களிடம் மூச்சை நேராக அளக்கும் ஒரு குழாய் உண்டு. எலியை அதற்குள் விட்டால் மூச்சுக்கு மூச்சு திரையில் கோடு ஏறி இறங்கும். வெறும் உப்புத் தண்ணீர்ப் பனியை விட்டு ஒருமுறை பார்த்தோம், சூத்திரத்தோடு ஒத்துப்போனது, மூலையில் வைத்துவிட்டோம். மருந்துப் பனி விடும்போது யாரும் அதில் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை.

இன்று பார்த்தேன்.

முதலில் நல்ல கோடு, சின்னச் சின்ன அலைகளாக, களப்பின் கரையில் வருவதுபோல. மருந்து வந்தது. அலை தாழ்ந்தது. இடைவெளி விழுந்தது. ஒரு மூச்சு, பிறகு வெறும் நீளம், பிறகு ஒரு மூச்சு. பனி நிற்கும்வரை அப்படியே. இன்னோர் எலியை விட்டோம். அதுவும். எல்லா எலியும்.

அல்பொன்சா திரையைத் தொட்டாள். "அனே. இதுகளும் வாயப் பொத்திக்கொண்டு இரிக்கிதுகள் அக்கா. உங்கட ஆளப் போலவே."

மருந்து மூக்கில் உறைக்கிறது. எலிக்கு உறைத்தால் மூச்சைக் குறைத்துக்கொள்ளும். அதன் உடம்புக்கு அந்தத் தந்திரம் தெரியும். எங்கள் சூத்திரத்துக்குத் தெரியாது. காற்றில் மருந்து இருந்தது, வடிதாள் பொய் சொல்லவில்லை. எலி அதை எடுக்கவில்லை. நாங்கள் எழுதிவைத்த அளவில் பாதிகூட உள்ளே போயிருக்காது.

இவ்வளவு மருந்தையும் இந்த எலிகள் தாங்கின, ஒன்றும் ஆகவில்லை என்று எழுதப் போகிறோம். நாளைக்கு யாரோ அதை நம்பி மனிதருக்கு அளவு வைப்பார்கள். மனிதர் ஆசையோடு, ஆழமாக இழுப்பார்கள்.

ஜூன் 21, செவ்வாய்

டொக்டர் பதியுதீனிடம் திரையில் விழுந்த மூச்சுக் கோட்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றினார்.

"காத்தில எவ்வளவு எண்டது சரிதானே, ஸக்கியா? அத வெச்சு எழுதுவம். எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

"அது எலிட மூக்குக்கு முன்னால நிண்ட மருந்து, டொக்டர். எலி எடுத்த மருந்து இல்ல."

"எல்லாத்தையும் திரும்பச் செய்ய வேண்டி வரும். தெரியுமா? பெருநாளைக்கு முன்னம் அனுப்பிறதா சொல்லிட்டன்."

"தெரியும்."

யன்னலடிக்குப் போய் வெளியே பார்த்தார். காற்றில் ஒரு தென்னோலை விழுந்தது. அதையும் பார்த்தார்.

"இத்தன நாளா இல்லாம இப்ப ஏன் இதப் பாக்கணும் எண்டு தோணிச்சு?"

"வீட்டில ஒருத்தர் மூச்சப் பிடிச்சார்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் திரும்பச் செய்வோம் என்றார். குழாயை மூலையிலிருந்து நடு மேசைக்கு அவரே தூக்கி வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். எலிக்குப் போன அளவுக்காக டொக்டரோடு மல்லுக்கட்டினேன். வீட்டில்?

ஜூன் 22, புதன்

சொல்லிவிட்டேன். கஞ்சிக்குப் பிறகு, தராவீஹ் தொழுகைக்குப் போகச் சட்டை மாற்றும்போது.

"வயித்துக்குப் போகுது. எலியில பாதிக்கு மேல. மனுஷர்ல குறைவா இரிக்கும். ஆனா போகுது. போன கிழமையே தெரியும் எனக்கு."

சட்டைப் பொத்தானில் கை நின்றது. பிறகு எல்லாப் பொத்தானையும் போட்டார்.

"அப்ப சரி" என்றார். "நீ பொய் சொல்லியிருந்தா நான் பம்ப் அடிச்சிருப்பன். இல்லியா?"

"ஓம்."

"நானும் நம்பியிருப்பன்."

பம்பை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். நோன்பு திறக்கும் மஃரிபிலிருந்து ஸஹர் வரைக்கும் எடுத்துக்கொள்வேன் என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிறாராம். செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். ஒழுங்கை முனைவரைக்கும் இருமல் கேட்டது.

என்ன செய்தேன் நான்? உண்மையாம். உண்மையைக் கொண்டுபோய் எலிக்குக் கொடு. இந்த மனுஷனுக்கு மூச்சில்லை, இவருக்கு என்னத்துக்கு உண்மை! சொல்லாமல் இருந்திருக்கலாம், ஒரு மாசம், ஒரே ஒரு மாசம். யாருக்காகச் சொன்னேன்? எனக்காகவா?

ஜூன் 23, வியாழன்

கோபத்தில் எழுதியதைக் கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூன் 24, வெள்ளி

நேற்று முழுக்க ஒரே எண்ணம். அவர் என்னிடம் மருந்தை அளக்கச் சொன்னார். அளந்தேன். அவரை யார் அளந்தது? எலியைப் பார்க்காமல் வடிதாளையே பார்த்துக்கொண்டிருந்த அதே பிழைதான்.

கிளினிக்கில் தந்த ஊதும் குழாய் அலுமாரியில் கிடந்தது. முழுப் பலத்தோடு ஊதினால் சிவப்பு முள் ஏறி நிற்கும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மூச்சு. தந்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை. ஸஹரில், பம்ப் அடித்த பிறகு, ஊதச் சொன்னேன்.

"இது நோன்புக்கு முன்னம்தானே? வயித்துக்கு ஒண்டும் போகாதே?" என்று பகிடி விட்டார். ஊதினார். முள் பாதியைத் தொட்டது. திருப்தியாகச் சிரித்தார்.

அஸருக்குப் பிறகு திரும்பவும் நீட்டினேன். ஊதினார். முள் கொஞ்சம் அசைந்து, கீழேயே நின்றுவிட்டது. திரும்ப ஊதினார். அதே இடம். குழாயைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"பழுதாப் போச்சு போல."

"சிபானா, இங்க வா" என்றேன். அவள் பாடப்புத்தகத்தோடு வந்தாள், நின்ற நிலையில் ஒரு ஊது ஊதினாள். முள் மேலே போய் இடித்தது.

"பழுதில்ல வாப்பா" என்றாள். அவர் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். போன வருட ஆஸ்பத்திரியை நான் சொல்லவில்லை, ஓட்டோவில் வந்த வியாழனைச் சொல்லவில்லை. பாங்கு சொன்னபோதும் குழாய் கையில்தான் இருந்தது.

ஜூன் 26, ஞாயிறு

இரண்டு நாள் தன்பாட்டிலேயே ஊதிப் பார்த்தார், யாரும் பார்க்காத நேரம் பார்த்து. இன்று சுபஹுத் தொழுகைக்குப் போனவர் தாமதித்து வந்தார். சட்டைப்பைக்குள் அந்தக் குழாய்.

"மௌலவிக்கிட்டக் காட்டினன். ஏசிப்போட்டார்."

"என்னெண்டு?"

"வருத்தக்காரனுக்கு அல்லாஹ் விட்டுக் குடுத்திரிக்கிறான், அத வாங்க மாட்டன் எண்டு சொல்ல நீ ஆரு எண்டார். அப்ப அண்டைக்கு ஏன் சொல்லல்ல எண்டு கேட்டன். நீ பம்பப் பத்திக் கேட்டாய், நான் பம்பப் பத்திச் சொன்னன், உன்னப் பத்தி நீ எங்க கேட்டாய் எண்டார்." குழாயை வெளியே எடுத்து, "அவரும் ஒருக்கா ஊதிப் பாத்தார். அவருக்கும் பெரிசா ஏறல்ல" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு முடிய அவர் அழுதார். விட்ட நோன்புக்கு அழுகிறாரா, இனி விடப்போகிறதுக்கு அழுகிறாரா? தோளைத் தொட்டேன். மெலிந்துவிட்டார்.

பிடிக்க முடியாத ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு ஒரு வேளைச் சாப்பாடு, அதுதான் பரிகாரம். அதைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார். களப்புக் கரையில் தனியாக இருக்கும் கிழவர் ஒருவருக்கு.

ஜூன் 29, புதன்

ஸஹருக்கு அவர்தான் எங்களை எழுப்பினார். தேநீரும் அவரே ஊற்றினார். எங்களோடு இருந்தார், ஆனால் சாப்பிடவில்லை. "நீங்க சாப்பிடுங்க. எனக்குப் பகல் கிடக்குதானே" என்றார், பகல் என்ற சொல்லைப் புதிதாகச் சொல்லிப் பார்க்கிறவர்போல.

சிபானா டியூஷனுக்குப் போனதும், பாணும் தேங்காய்ச் சம்பலும் வைத்தேன். குசினி யன்னல் திரையை அவர் இழுத்து மூடினார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தம் வராமல் சாப்பிட்டார். நான் நோன்போடு, தண்ணீர்க் கோப்பையை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். எங்கள் வீட்டில் இப்படி ஒரு காலை இருந்ததில்லை. திரை காற்றில் உப்பி, தாழ்ந்து, திரும்ப உப்பியது. அறையே மெல்ல மூச்சு விடுவதுபோல இருந்தது.

இன்று ஆய்வுகூடத்தில் முதல் எலியிலிருந்து திரும்பத் தொடங்குகிறோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் இன்னும் கிளம்பவில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து, அலுமாரியிலிருந்து பம்பை எடுத்தார். குலுக்கினார்.

"எவ்வளவு நேரம் உள்ள வெச்சிரிக்கணும்?"

"ஏலுமான வரைக்கும்."

வெளியே உள்ள காற்றையெல்லாம் கேட்பவர்போல ஒரு கணம் நின்றார். மூச்சை முழுக்க வெளியே விட்டார். வாயில் வைத்து அமத்தி, மெல்ல, மெல்ல, இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு விட்டார்.

கிட்டப்போய்ப் பார்த்தேன். மீசை காய்ந்து, கறுப்பாக இருந்தது.